ஒரு புள்ளியும் ஒரு சாட்சியும்

1958-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19-ஆந் திகதி மொறொக்கோ நாட்டிலே, கசபிளாங்கா நகரையடுத்த ஐன்-டியாப் என்னும் கடற்கரை வீதிகளில் ஓராசன மோட்டார்ப் பந்தயமொன்று நடைபெற்றது. அதிலே முதலாவதாக வந்தவர் ஸ்ரேளிங் மொஸ் என்னும் ஆங்கிலேயர். இரண்டாவதாக வந்தவர் மைக் ஹோதோர்ன் என்னும் மற்றோர் ஆங்கிலேயர். எனினும், அன்று மாலை உலக சம்பியன் என்ற பட்டத்தைப் பெற்றவர் இரண்டாவதாக வந்த ஹோதோர்னே. ஆண்டு முழுவதற்குமான கணக்கில் அவருக்கு 42 புள்ளிகள், மொஸ்ஸுக்கு 41. அவ்வாண்டில் மொஸ் வென்ற பந்தயங்கள் நான்கு. ஹோதோர்ன் வென்றது ஒன்றே ஒன்று.

தமிழாசிரியருக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் யாது தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். சைக்கிளன்றி வேறெந்த வாகனத்தையும் நாம் செலுத்தி அறியோம் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். ஆயினும், நம் உயர்தர வகுப்பு மாணவர் தம் மன்றத்திலே இவ்விருவரையும் பற்றி விவாதித்தபோது எழுந்த இருவகைத் தீர்ப்புக்களும் நமக்கு உவப்பாயில்லை. மொஸ் பிழைக்கத் தெரியாதவர் என்றனர் பெரும்பாலோர். இல்லை, அவர் விட்டுக்கொடுத்த வள்ளல் என்றனர் மற்றையோர். இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை என்பது நம் கருத்து. விழா மலர் என்றால் வாழ்த்தும் வரலாறும் மட்டுமே இருத்தல் வேண்டுமென்று விதியில்லையாதலால், அக்கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதலில் அவ்வாண்டின் அமைப்பை அறிதல் வேண்டும். நான்கு சக்கரங்களும் மூடாது வெளியே தெரிய, ஒருவர் மட்டுமே அமரத்தக்கதாய் ஒடுங்கிச் செய்யப்பட்டது ஓராசன வண்டி. இவ்வண்டிகளுக்கான உலக சம்பியன் போட்டி 1950-இல் தொடங்கியது. ஒரே நாளில் முடிவதன்று அது. பல நாடுகளில், பல மாதங்களில் நடைபெறும் கிறாண்ட் பிறீ எனப்படும் பந்தயங்களின் தொகுதி. 1958-இல் அத்தொகுதியில் 11 பந்தயங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றாகிய ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயம் கணக்கில் மட்டும் சேர்ந்திருந்ததேயன்றி, ஐரோப்பாவில் ஓடியவர்கள் பெரும்பாலும் அங்குச் செல்வதில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் ஐவருக்கு முறையே 8, 6, 4, 3, 2 புள்ளிகள். மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை ஓடி முடித்தவருக்கு மேலும் ஒரு புள்ளி. ஒருவர் எத்தனை பந்தயங்களில் ஓடினாலும் அவர் பெற்றவற்றுள் மிகச் சிறந்த ஆறு மட்டுமே ஆண்டு முடிவிற் கூட்டப்படும். எஞ்சியவை கழிக்கப்படும்.

அவ்வாண்டிலே விதிகள் சில மாறின. மதுசாரம் கலந்த எரிபொருள் தடுக்கப்பட்டு, விமானங்களுக்குரிய பெற்றோல் கட்டாயமாயிற்று. பந்தயங்களின் நீளம் குறைக்கப்பட்டது. வண்டி செய்வோருக்கெனத் தனிக் கிண்ணமொன்றும் அவ்வாண்டிலேயே முதன்முதலாக வைக்கப்பட்டது. இன்னுமொரு மாற்றமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

யனவரி 19-ஆந் திகதி ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் முதற் பந்தயம் நிகழ்ந்தது. புதிய எரிபொருளுக்கேற்ப எஞ்சின்களை மாற்றியமைக்க அவகாசம் போதாமையால் வான்வோல் முதலிய நிறுவனங்கள் வரவில்லை. ஆகப் பத்து வண்டிகளே ஓடின. வான்வோல் அணியைச் சேர்ந்த மொஸ், றொப் வோக்கர் என்னும் தனியாருக்குச் சொந்தமான கூப்பர் வண்டியொன்றிலே ஏறினார். அதன் எஞ்சின் ஏறக்குறைய 2 லீற்றர் கொள்ளளவே உடையது. எதிர்த்து நின்ற பெராரி, மசெராற்றி வண்டிகளின் எஞ்சின்களோ அதனிற் பெரியவை. மேலும், கூப்பரின் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தது. மாட்டை வண்டிக்குப் பின்னே பூட்டியதுபோல் அது அந்நாளில் பலருக்கும் தோன்றிற்று.

ரயர் மாற்றாமல் அப்பந்தயத்தை ஓடி முடித்தல் அரிது என்பது எல்லோரும் கொண்டிருந்த எண்ணம். பெராரி வண்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலாற் தட்டி நொடியிற் கழற்றலாம். கூப்பரின் சக்கரமோ நான்கு திருகாணிகளாற் பூட்டப்பட்டது. மாற்றப் புகுந்தால் பந்தயமே போய்விடும். மொஸ்ஸின் மிக்கானிக்குகள் புதிய ரயர்களை எடுத்து வைத்து, அவர் எந்நேரமும் வந்து நிற்பார் என்று பிறர் நம்பும்படி பாவனை செய்தனர். அவர் நிற்கவேயில்லை. ரயர்கள் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிய ஓடி, பெராரியில் வந்த லூயிஜி மூசோவை 2.7 செக்கன்களால் வென்றார். உலக சம்பியன் பந்தயமொன்றைப் பின்னெஞ்சின் வண்டி வென்றது அதுவே முதன்முறை. இப்பாவனையை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். மாணவர் மன்றத்தில் மொஸ்ஸுக்கு எதிராகக் காட்டப்பட்டதும் இதுவே.

மே மாதத்தில் மொனாக்கோவில் பிரெஞ்சுக்காரராகிய திரந்தினியான் அதே வோக்கரின் கூப்பரில் வென்றார். ஒல்லாந்தில் மொஸ் வான்வோலில் வென்றார். பெல்ஜியத்தில் மொஸ்ஸின் அணித்தோழரும் பல்வைத்தியம் பயின்றவருமான ரொனி புறூக்ஸ் வென்றார். அதே பெல்ஜியப் பந்தயத்தில் மரியா தெரேசா டி பிலிப்பிஸ் என்னும் இத்தாலியப் பெண்மணி ஓடிப் பத்தாவதாக வந்தார். உலக சம்பியன் பந்தயமொன்றிற் பெண்ணொருவர் ஓடியது அதுவே முதல். ஆண்களைப் பற்றியே எழுதிச் செல்லும் ஏடுகள் இதனை ஓரத்தில் வைத்துவிடுவதால் ஈண்டுக் குறித்தோம்.

யூலை 6-ஆந் திகதி பிரான்சில் றீம்ஸ் நகரில் நடந்த பந்தயம் இரு காரணங்களால் மறக்கற்பாலதன்று. ஐந்து முறை உலக சம்பியனாய் விளங்கிய ஆர்ஜென்ரீனாவின் ஃபான்ஜியோ, தமது 47-ஆவது வயதில் ஓடிய கடைசிப் பந்தயம் அதுவே. அவர் நான்காவதாக வந்தார். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஹோதோர்ன் இறுதியில் அவரை ஒரு முழுச்சுற்றால் முந்திச் செல்லும் நிலையில் இருந்தார். அம்முதியவரை அங்ஙனம் கடந்து செல்லுதல் தகாதெனக் கருதிப் பின்னே தங்கினார். ஹோதோர்னின் அவ்வாண்டு வெற்றி இஃதொன்றே. அதே பந்தயத்தில் அவரைத் துரத்தி வந்த மூசோவின் வண்டி வளைவொன்றிற் புரண்டது. மூசோ அன்றே இறந்தார்.

அடுத்து இங்கிலாந்தில் சில்வர்ஸ்ரோன் களத்திற் பீற்றர் கொலின்ஸ் வென்றார், ஹோதோர்ன் இரண்டாவது. இருவரும் பெராரி அணியினர். உடன்பிறந்தாரினும் நெருங்கிப் பழகியவர். இரு வாரங்கழிந்து, ஓகஸ்ட் 3-ஆந் திகதி ஜேர்மனியின் நியூர்பேர்க் மலைப்பாதையில் புறூக்ஸைத் துரத்துகையில் கொலின்ஸின் வண்டி பாதையை விட்டு விலகியது. அவர் வெளியே வீசப்பட்டு மரத்தில் மோதினார். அவருக்கு நேர் பின்னே ஓடி வந்து அதனைக் கண்ணாற் கண்டவர் ஹோதோர்ன். கொலின்ஸுக்கு வயது 26.

இனி ஓகஸ்ட் 24-ஆந் திகதிக்கு வருவோம். இடம் போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரம். களம் நகரத்து வீதிகளே. கருங்கல் பாவிய தெருக்களும் திராம் தண்டவாளங்களும் அதில் அடக்கம். மொஸ் எளிதில் வென்றார். இரண்டாம் இடத்திலிருந்த ஹோதோர்ன் கடைசிச் சுற்றிலே தடுமாறிச் சுழன்று நின்றார், எஞ்சின் அணைந்துவிட்டது. பிறர் தொட்டுத் தள்ளினால் விலக்கப்படுவார். ஆகவே, தாமே வண்டியைத் தள்ளி, சரிவான பக்கம் திருப்பி, எஞ்சினை மீண்டும் உயிர்ப்பித்து, ஓடி முடித்து இரண்டாம் இடத்தைப் பெற்றார். சரிவு இருந்ததோ பந்தயத் திசைக்கு எதிர்ப்புறமாக.

பந்தயத் திசைக்கு எதிராக வண்டியைச் செலுத்தியவர் விலக்கப்படுவார் என்பது விதி. நடுவர்கள் ஹோதோர்னை விலக்கத் துணிந்தனர். விலக்கியிருந்தால் நிலைமை யாதாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அன்று காலையில் ஹோதோர்னுக்கு 30, மொஸ்ஸுக்கு 24. மொஸ் அன்று பெற்றவை 8, ஆக 32. ஹோதோர்ன் விலக்கப்பட்டால் அவருக்கு 30-ஏ நிற்கும். மொஸ் அவரை முந்தி நிற்பார். எஞ்சியிருந்தவை இரண்டே பந்தயங்கள். மூன்றாவதாக வந்திருந்தவர் ஸ்ருவேட் லூயிஸ்-எவன்ஸ். அவரும் வான்வோல் அணியினர். அவர் இரண்டாம் இடத்துக்கு உயர்வார். வண்டியின் உரிமையாளராகிய ரொனி வாண்டவெல்லுக்கு முதலிரு இடங்களும் கிடைக்கும். மொஸ் வாய் திறவாதிருந்தாலே போதும். இத்தனையும் தாமே வந்து சேர்ந்திருக்கும்.

அவர் நடுவர்களிடஞ் சென்றார். ஹோதோர்ன் வண்டியைத் திருப்பித் தள்ளியதைத் தாம் கண்டதாகவும், அது பந்தயப் பாதையிலன்று, அருகிருந்த நடைபாதையிலேயே நிகழ்ந்ததாகவும் சான்று கூறினார். நடைபாதை பந்தயப் பாதையாகாது. நடுவர்கள் அதனை ஏற்றனர். இரண்டாம் இடத்துக்குரிய 6 புள்ளிகளும், அதிவிரைவுச் சுற்றுக்குரிய 1 புள்ளியும் ஹோதோர்னுக்கே நின்றன.

அந்த ஏழு புள்ளிகளும் இல்லையாயின் ஆண்டு முடிவில் ஹோதோர்னின் சிறந்த ஆறும் 39-ஆகவே நிற்கும். மொஸ் 41 புள்ளியோடு சம்பியனாகியிருப்பார். ஐயத்துக்கு இடமில்லாத கணக்கு இது.

நம் மாணவர் பெரும்பாலோர் இக்கணக்கைக் கண்டே மொஸ்ஸை ஏமாளி என்றனர். உலகம் பட்டத்தைத்தான் நினைவில் வைக்கும் என்பது அவர்கள் வாதம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பட்டம் பெறாத மொஸ்ஸைப் பற்றி அவர்களே ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதிட்டமை அவ்வாதத்துக்கு மறுமொழியாகும். அதனை நீட்ட விரும்புகிலோம். நம்மை அதிகம் வருத்தியது மற்றைக் கட்சியாரின் வாதமே. மொஸ் பட்டத்தைத் தானம் செய்தார். நண்பனுக்கு விட்டுக்கொடுத்தார் என்று அவர்கள் உருகினர். நம் மாணவர் வள்ளன்மையைப் போற்றுதல் நன்றே. ஆயின் இது வள்ளன்மையன்று.

தன்னுடையதைக் கொடுப்பதே கொடை. ஹோதோர்னின் சக்கரங்கள் நடைபாதையில் இருந்தன என்பது மொஸ்ஸின் உடைமையன்று. அது நடந்த செய்தி. அதனை அறிந்தவர் அவர், உரியவர் ஹோதோர்ன். கண்டதைச் சொன்னதால் மொஸ் ஒன்றையும் இழந்திலர். சொல்லாதிருந்தால் பிறன் பொருளை வைத்திருந்தவராவார். இதனைக் கொடை என்று கொண்டால், நாளை ஒருவன் நட்புக்காகப் பாதையில் நடந்ததை நடைபாதையில் நடந்ததாகக் கூறினும் அதனையும் கொடையென்றே கொள்ள நேரும். அப்பொழுது மூன்றாவதாக வந்தவனுக்கு இழைக்கப்படும் அநீதியை யார் கேட்பார்? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும், வாய்மைக்கு ஓர் அதிகாரமும், நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். மூன்றும் ஒன்றாயிருந்தால் மூன்று அதிகாரம் வேண்டியதில்லை.

கொடைக்கு உதாரணம் வேண்டுவார் 1956-ஆம் ஆண்டுக்குச் செல்லலாம். அவ்வாண்டு இத்தாலியின் மொன்சாவில் நடந்த கடைசிப் பந்தயத்திலே, பட்டம் பெறும் வாய்ப்பு இளைஞராகிய கொலின்ஸுக்கும் இருந்தது. அவர் அணித்தலைவராகிய ஃபான்ஜியோவின் வண்டி பழுதுற்றது. கொலின்ஸ் தம் வண்டியை நிறுத்தி, இறங்கி, அதனை அவரிடம் ஒப்படைத்தார். ஃபான்ஜியோ அவ்வண்டியில் இரண்டாவதாக வந்து பட்டம் பெற்றார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை வகுப்பிற் படிப்பிக்குந்தோறும் நமக்குக் கொலின்ஸின் நினைவு வருவதுண்டு. தேர் பாரியுடையது, வண்டியும் அதிலிருந்த வாய்ப்பும் அன்று கொலின்ஸுடையவை. அதுவே கொடை. 1958-இல் வந்த மற்றொரு விதிமாற்றம் உண்டென்று மேலே கூறினோமன்றோ? ஒரு வண்டியை இருவர் மாறி ஓட்டினால் இருவருக்கும் புள்ளியில்லை என்பதே அது. அவ்விதி வந்தபின் பாரிகளுக்கு இடமில்லை. சாட்சிகளுக்கு மட்டும் இடம் எஞ்சியது.

ஃபான்ஜியோவை முந்தாது ஹோதோர்ன் தங்கியதும் வேறு. அது முதியோர்க்குச் செய்யும் மரியாதை. அதனால் எவர் புள்ளியும் கூடவுமில்லை, குறையவுமில்லை. மொறொக்கோவில் பெராரி அணியின் பில் ஹில் என்னும் அமெரிக்கர் இரண்டாம் இடத்திலிருந்து விலகி ஹோதோர்னுக்கு வழிவிட்டார். அது அணியின் பொருட்டுச் செய்த சேவகம். அவரைக் குறை கூறுகிலோம். ஆயினும் மொஸ்ஸின் செயலோடு அதனை ஒரு தட்டில் வைத்தல் பொருந்தாது.

இனி ஆர்ஜென்ரீனாப் பாவனைக்கு வருவோம். யனவரியிற் பொய்க்கோலம் காட்டி வென்றவர் ஓகஸ்டில் வாய்மையாளரானது எங்ஙனம் என்று மாணவனொருவன் கேட்டான். நல்ல கேள்வி. அக்கேள்வியைக் கேட்டவனுக்கு மன்றத்தில் எவரும் விடை சொல்லவில்லை. நாம் சொல்லும் விடை இது. களத்திலே எதிரியை ஏமாற்றுவது ஆட்டத்தின் உறுப்பு. கிரிக்கெட்டிலே பந்து வீசுவோன் மெதுவான பந்தை வேகமான பந்துபோற் காட்டுகிறான். அவனைப் பொய்யன் என்பாரில்லை. எதிரே நிற்பவன் ஏமாறாதிருக்கக் கடமைப்பட்டவன். அவனுக்கு மட்டையும் கண்ணும் உண்டு. நடுவர் எதிரியல்லர். அவர் கண் காணாததைக் காண்பதற்குப் பிறர் கண்ணைக் கடன் கேட்கிறார். அக்கடனிற் கள்ளக்காசு கொடுப்பவன் எதிரியை வெல்லவில்லை, ஆட்டத்தையே இல்லாமற் செய்கிறான். ரயரை எடுத்து வைத்த மிக்கானிக்குகள் பெராரிக்காரருக்குத்தான் கோலம் காட்டினர். நடுவர் எவரிடமும் யாதும் பொய்யுரைத்திலர். ஆகவே இரண்டு மொஸ் இல்லை, ஒருவரே.

அப்படியாயின், நான்கு வென்றவருக்குக் கிடையாத பட்டம் ஒன்று வென்றவருக்குக் கிடைத்தது நீதியா என்ற கேள்வி எஞ்சும். மொஸ்ஸின் அன்பர் பலர் ஹோதோர்னின் பட்டத்தை இரவற் பட்டம்போல் எழுதிவிடுகின்றனர். அது நேர்மையன்று. அதிவிரைவுச் சுற்றுக்குரிய புள்ளிகளை நீக்கிவிட்டு, இடத்துக்குரிய புள்ளிகளை மட்டும் நாம் கூட்டிப் பார்த்தோம். ஹோதோர்னுக்கு ஒரு வெற்றியும் ஐந்து இரண்டாம் இடமும்: 38. மொஸ்ஸுக்கு நான்கு வெற்றியும் ஓர் இரண்டாம் இடமும்: 38. சமம்! மொஸ் ஓடி முடித்த பந்தயங்களே ஐந்து. மற்றவற்றில் அவர் வண்டி இடையிலே நின்றுவிட்டது. ஓடி முடித்த ஐந்திலும் முதலாவது அல்லது இரண்டாவது. ஹோதோர்னோ மூன்றாவதும் ஐந்தாவதுமாக வந்த பந்தயங்களின் புள்ளிகளைக் கழித்தும் அச்சமநிலையை அடைந்தார். சமநிலையைக் குலைத்தது அதிவிரைவுச் சுற்றே. ஹோதோர்ன் ஆண்டிலே ஐந்து முறை அதனைச் செய்தார். கணக்கிற் சேர்ந்தவை நான்கு. மொஸ் மூன்று. ஆக 42, 41. விதி யனவரிக்கு முன்னரே இருவருக்கும் தெரிந்ததுதான். வென்றவன் வென்றான்.

இவ்விடத்திலே தமிழாசிரியராகிய நாம் சற்றுத் தங்காமற் செல்லவியலாது. போர்ட்டோவில் அதிவிரைவுச் சுற்று ஹோதோர்னுடையது என்றோமன்றோ? அதனை அவர் செய்தவுடன் வான்வோல் அணியினர் மொஸ்ஸுக்குப் பலகையில் எழுதிக் காட்டினர். ஓடும் வண்டியிலிருந்து வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் இரு சுருக்கச் சொற்கள்: ஹோதோர்னின் பெயரின் முதல் நான்கெழுத்து, அதன்கீழ், சாதனை என்னும் பொருள்தரும் சொல்லின் முதல் மூன்றெழுத்து. அம்மூன்றாம் எழுத்தை மொஸ் வேறோர் எழுத்தாக வாசித்தார் என்பது பந்தய உலகிற் பலகாலும் சொல்லப்படும் செய்தி. ஆங்கில நெடுங்கணக்கிலே மூன்றாம் எழுத்துக்கும் ஏழாம் எழுத்துக்கும் சிறு கோடொன்றே வேறுபாடு. அக்கோட்டால் 'ஹோதோர்ன் சாதனை' என்பது 'ஹோதோர்ன் வழக்கம்போல்' ஆயிற்று. வழக்கம்போல் வருகிறாரென்றால் விரைய வேண்டியதில்லையன்றோ? மொஸ் தம் போக்கிலேயே ஓடி வென்றார். வேண்டியிருந்தால் அப்புள்ளியைத் தாம் மீட்டிருக்கக்கூடும். மீட்டிருந்தால் ஆண்டு முடிவில் மொஸ் 42, ஹோதோர்ன் 41.

ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லாமையால் பாடம் மாறிப் பொருள் மாறிய இடங்கள் எத்தனை என்பதை நம் பதிப்பாசிரியர்கள் அறிவர். புள்ளி இடாத எழுத்தாற் பொருள் இழந்த புலவர் பலர். கோடு தெரியாத எழுத்தாற் புள்ளி இழந்தவர் மொஸ் ஒருவரே போலும். கையெழுத்தைத் திருத்தும்படி நாம் வற்புறுத்தும்போது முகஞ் சுளிக்கும் மாணவர் இதனையும் கருதுக.

செப்டெம்பர் 7-ஆந் திகதி மொன்சாவில் புறூக்ஸ் வென்றார், ஹோதோர்ன் இரண்டாவது, மொஸ்ஸின் வண்டி நின்றுவிட்டது. ஹோதோர்ன் 40, மொஸ் 32. மொறொக்கோவில் மொஸ் வெல்லவும் வேண்டும், அதிவிரைவுச் சுற்றும் செய்ய வேண்டும், ஹோதோர்ன் மூன்றாவதாகவோ அதற்குக் கீழாகவோ வரவும் வேண்டும். முதலிரண்டையும் மொஸ் செய்தார். மூன்றாவது அவர் கையில் இல்லை.

பட்டக் கணக்கின் ஆரவாரத்திலே அன்றைய மற்றொரு செய்தியைப் பலர் கடந்துவிடுகின்றனர். போர்ட்டோவில் மூன்றாவதாக வந்த லூயிஸ்-எவன்ஸின் வண்டி மொறொக்கோவில் எஞ்சின் இறுகிப் பாதையை விட்டு விலகித் தீப்பற்றியது. கடுமையான தீக்காயங்களோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் ஆறு நாளில் இறந்தார். வயது 28. அவ்வாண்டு உலக சம்பியன் பந்தயங்களில் இறந்த ஓட்டுநர் நால்வர்: இண்டியானாபோலிஸில் பற் ஓ'கொனர், றீம்ஸில் மூசோ, நியூர்பேர்க்கில் கொலின்ஸ், ஐன்-டியாப்பில் லூயிஸ்-எவன்ஸ். பதினொரு பந்தயம், நான்கு உயிர்.

இதனை வீரமரணம் என்று எழுதுவோரோடு நாம் உடன்படோம். புறநானூற்றை விரும்பிக் கற்பிக்கும் நாம் அச்சொல்லின் பெறுமதியை அறிவோம், அதனாலேயே உடன்படோம். அவ்வண்டிகளில் ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் பட்டியில்லை. பாதையோரத்தில் மரமும் குழியும் இருந்தன. அவற்றை மறைக்கும் தடுப்பில்லை. தீப்பிடித்தால் உடலைக் காக்கும் உடையில்லை. இவை விதியின் விளையாட்டல்ல. மனிதர் செய்யத் தவறியவை. எட்டாண்டு கழிந்து, 1966-இல் பெல்ஜியத்தில் தாமே விபத்துக்குள்ளான ஜக்கி ஸ்ருவேட் என்னும் ஸ்கொத்லாந்து ஓட்டுநர் பட்டிக்காகவும் தடுப்புக்காகவும் வைத்தியருக்காகவும் போராடத் தொடங்கினார். அவரைக் கோழை என்று ஏசியவர் உண்டு. பின்னாளில் ஓட்டுநர் பலர் உயிரோடு வீடு திரும்பியமைக்கு அக்'கோழை'யின் பிடிவாதமும் ஒரு காரணம். 1958-இன் அழகையே எழுதி அதன் சாவை அடிக்குறிப்பாக்கும் எழுத்தை நாம் வெறுக்கிறோம்.

வாண்டவெல்லின் வண்டிகள் அவ்வாண்டு ஆறு பந்தயங்களை வென்று, வண்டி செய்வோருக்கான முதற் கிண்ணத்தைப் பெற்றன. ஆயினும் லூயிஸ்-எவன்ஸின் மரணம் அவரைப் பெரிதும் பாதித்தது. 1959-இல் வான்வோல் பந்தயங்களிலிருந்து விலகியது. நண்பன் இறந்தபின் பந்தயத்தில் மனஞ் செல்லாத ஹோதோர்ன், பட்டம் பெற்றவுடன் ஓய்வுபெற்றார். 1959-ஆம் ஆண்டு யனவரி 22-ஆந் திகதி, இங்கிலாந்தில் கில்ட்போர்ட் நகரருகே பொதுவீதியொன்றில் தமது சொந்தக் காரிற் செல்லுகையில் விபத்தில் மாண்டார். வயது 29. சம்பியனாக அவர் வாழ்ந்தது மூன்று மாதம்.

மொஸ் அதற்கு முந்திய மூன்றாண்டுகளைப் போலவே 1958-இலும் இரண்டாம் இடத்திலேயே நின்றார். அடுத்த மூன்றாண்டும் மூன்றாவது. 1962 ஏப்பிரிலில் குட்வூட் களத்தில் நேர்ந்த விபத்தோடு அவர் பெரும் பந்தயங்களை விட்டார். 2020-ஆம் ஆண்டு ஏப்பிரில் 12-ஆந் திகதி, 90 வயதிற் காலமானார். உலக சம்பியன் பட்டம் அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். இதனை எழுதியதன் நோக்கம் மோட்டார்ப் பந்தயத்தோடு முடிவதன்று. நம் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலே முறையீடு எழுந்தால், முறையிடும் இல்லத்தின் பொறுப்பாசிரியரும் அக்களத்து நடுவரும் மட்டுமே விசாரிக்கப்படுகின்றனர். அருகே ஓடிய மாணவனை, அதிலும் எதிர் இல்லத்து மாணவனை, அழைத்து 'நீ கண்டது யாது?' என்று கேட்கும் வழக்கம் இல்லை. அஞ்சலோட்டத்திலே கோல் கைமாறிய இடம் எல்லைக்கோட்டுக்கு உள்ளோ வெளியோ என்பதைப் பக்கத்துப் பாதையில் நின்ற பையனைவிட நன்கு கண்டவர் எவர்?

பையன்கள் தம் இல்லத்துக்காகப் பொய் சொல்வார்கள் என்று ஆசிரியர் சிலர் கூறுவர். சிலர் சொல்லவுங்கூடும். ஆயினும், கேட்டுப் பாராமலே அவர்களைப் பொய்யரென்று தீர்த்து வைத்திருக்கிறோம் என்பதை அன்னார் எண்ணிப் பார்ப்பாராக. போர்ட்டோ நடுவர்கள் மொஸ்ஸைக் கேட்கமாட்டோம் என்றிருந்தால் அவர் வாய்மை அவரோடேயே இருந்திருக்கும். தன் இல்லம் ஐந்து புள்ளி இழக்கும் என்று தெரிந்தும், 'ஐயா, கோல் உள்ளேதான் மாறியது' என்று சொல்லும் வாய்ப்பு நம் மாணவனுக்கு ஒருமுறையேனும் கிடைத்தல் வேண்டும். சொல்கிறானா இல்லையா என்பது அவன் பாடு. கேட்பது நம் பாடு.

ஆதலின், அடுத்த போட்டிக்கு முன்னதாக விளையாட்டு விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கப்படல் வேண்டுமென விளையாட்டுக் குழுவினரையும் பழைய மாணவர் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். முறையீட்டு விசாரணையில், நிகழ்ச்சியை அருகிருந்து கண்ட போட்டியாளர் எவ்வில்லத்தினராயினும் அழைத்துக் கேட்கப்படுதல் வேண்டும் என்பதே அவ்வரி. புத்தகம் மறுபடியும் அச்சாகும் காலம் நெருங்குகிறது எனக் கேள்வி. அச்சுக்கூடத்துக்கு அனுப்புமுன் மூலப்படியை எம்மிடம் தந்தால், ஒற்றும் கோடும் பிழையாதபடி பார்த்துத் தருவோம்.